காய் வெட்ட வராத தெரு

அத்தியாயம் 11

சுனிதாவின் குரலைத் தெரியாதவர் நாகர்கோவிலில் கிடையாது. சுனிதாவைத் தெரிந்தவர்கள்தான் அதிகம் இல்லை.

ஜவுளிக்கடைத் தள்ளுபடி என்று ஆட்டோவில் கூவிக்கொண்டு போகிறதே, அது அவள் குரல். கோயில் கொடைக்கு வரி தந்தவர்களுக்கு நன்றி சொல்வதும், இறந்தவரின் பெயரையும் அடக்கம் செய்யும் நேரத்தையும் தெருத்தெருவாகச் சொல்வதும் அவள்தான். வடசேரியில் ஒரு மாடி வீட்டில் வாடகைக்கு இருக்கிறாள். கணவன் சிவபிரசாத் மஸ்கட்டில் வேலை. பிள்ளை இல்லை. பகலெல்லாம் ஊருக்கே கேட்கப் பேசிவிட்டு வீட்டுக்கு வந்தால், பேச்சுத் துணைக்கு மிக்ஸியும் கிரைண்டரும்தான்.

அந்தக் குரல் இப்போது செய்துவைத்திருக்கும் காரியத்தைத்தான் சில வாரங்களாகப் பார்த்துக்கொண்டு வருகிறோம்.

ஒரு பெண் போனில் அழுகிற ஆடியோ. பாசன சபைத் தலைவர் மடையை அடைத்துத் தண்ணீரைத் தன் ஆட்களுக்குத் திருப்பிவிட்டாராம். கால்வாயின் கடைசியில் இருந்த இவள் வாழை காய்ந்து, புருஷன் பூச்சிமருந்தைக் குடித்துச் செத்துப்போனானாம். விவசாயிகளைப் பற்றிக் குறும்படம் என்றுதான் ஸ்டூடியோக்காரன் பெனிஷ் சொன்னான். எழுதித் தந்ததில் யார் பெயரும் இல்லை. ஊரறிந்த குரலாயிற்றே, அடையாளம் தெரிந்துவிடக் கூடாதென்று சுனிதாவும் கருங்கல் பக்கத்துப் பெண்ணைப் போல ராகம் இழுத்துப் பேசினாள். அழுகைதான் வரவில்லை.

“எதையாவது நெனைச்சுக்கிடுங்கக்கா” என்றான் பெனிஷ்.

நினைத்துக்கொண்டாள். போன தடவை சிவபிரசாத்தைத் திருவனந்தபுரத்தில் விமானம் ஏற்றிவிட்டு, பஸ் பிடித்துத் தனியாக வந்து கதவைத் திறந்தபோது, காலையில் அவன் தலை துவட்டிப் போட்ட துண்டு கொடியில் இன்னும் ஈரமாகவே கிடந்தது. அந்தத் துண்டை நினைத்தாள். அவ்வளவுதான், உடைந்துபோனாள். எழுதித் தராத ஒரு வார்த்தையும் கடைசியில் தானாக வந்து விழுந்தது. “ஒண்ணுமில்ல... வைக்கட்டா?”

சொன்னது முழுக்கப் பொய். அழுதது முழுக்க நிஜம். பொய்யை ஊரே நம்புவதற்கு இதைவிட வேறென்ன வேண்டும், சொல்லுங்கள்!

சில நாள் கழித்து அந்த ஆடியோ ஒரு புகைப்படத்தோடு வாட்ஸப்பில் வந்தது. படத்தில் இருந்தவர் உள்ளாட்சித் தேர்தலில் சுயேச்சையாக நிற்கும் பாசன சபைத் தலைவர் ஆறுமுகப்பெருமாள். சுனிதாவின் கூடப்பிறந்த அண்ணன்.

இன்று சொல்லிவிடலாம், நாளை சொல்லிவிடலாம் என்று தள்ளிப்போட்டே இந்தச் சனிக்கிழமை வந்துவிட்டது. விடிந்தால் அண்ணன் மகள் ஆதிராவுக்குக் கல்யாணம்.

அன்று காலை பெனிஷ் அவளை ஸ்டூடியோவுக்கு வரச் சொல்லியிருந்தான். போனபோது ஒரு கையில் ரசவடையும் இன்னொரு கையில் போனுமாக உட்கார்ந்திருந்தான்.

“அக்கா, சங்கதி தெரியுமா? அந்தத் தலைவரு ஆளே உடைஞ்சு போயிட்டாராம். ஆடியோவுல பேசுன பொம்பளையத் தேடி கருங்கல் பக்கமெல்லாம் பைக்குல அலையுகாராம். மன்னிப்பு கேக்கணுமாம்!”

அண்ணன் இப்படி அலைவது சுனிதாவுக்குத் தெரியாது.

“அவரு என்னத்துக்கு மன்னிப்பு கேக்கணும்?” என்றாள்.

“அதானே! நாமளே பொய்ன்னு எழுதுனது, அவரு உண்மைன்னு நெனைச்சிட்டாரு.” பெனிஷ் சிரித்தான். “எலக்சன்ல அவரை எதிர்த்து நிக்க ஆளுகதான் இந்த வேலையைத் தந்தது, விடுவாங்களா? நாடகத்துல நடிக்க ஒரு பொம்பளையப் பிடிச்சாச்சு. நாளைக்கு அவருக்க மகளுக்குக் கல்யாணம். மைக் செட்டுகூட நம்ம கடையில இருந்துதான் போகுது. பந்தி நேரத்துல அவளை மண்டபத்துக்குக் கூட்டிட்டுப் போறாங்க. முந்தானையால வாயைப் பொத்திக்கிட்டு நின்னா போதும். இவரு கால்ல விழுவாரு. ரெண்டு பேரு போன்ல எடுப்பாங்க. நீங்க சாயங்காலம் வந்து ஒரே ஒரு வரி பேசித் தந்தா, அதுல ஒட்டிருவேன்.”

எழுதி வைத்திருந்ததைப் படித்தும் காட்டினான். “‘மன்னிப்பு கேட்டா எனக்க மாப்பிள்ள திரும்பி வருவாரா?’ எப்பிடிக்கா? கடைசில பழைய மாதிரி அந்த ‘ஒண்ணுமில்ல வைக்கட்டா’வும் வேணும். அதுக்குத்தான் ஊரே அழுகுது.”

“என்னால முடியாது.”

“ஏங்க்கா?”

“நாளைக்கு எனக்கும் ஒரு கல்யாணம் இருக்கு பெனிஷ். சொந்தத்துல.”

எந்தச் சொந்தம் என்று அவன் கேட்கவில்லை. அவனுக்கு அவள் ஒரு குரல், அவ்வளவுதான். குரலுக்கு அண்ணன் இருப்பான் என்று யார் நினைப்பார்கள்?

மத்தியானம் அவள் செண்பகக்காலுக்கு பஸ் ஏறினாள். அதுதான் பிறந்த ஊர். மடியில் ஆதிராவுக்கு வாங்கிய புடவை. ஜன்னலோரம் இடம் கிடைத்தது. பஸ் ஸ்டாண்டைத் தாண்டுவதற்குள் முன்சீட்டிலிருந்து அவளுடைய அழுகை கேட்டது.

ஆமாம், அவளுடையதேதான். யாரோ ஒரு அம்மாள் போனை உரக்க வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். பக்கத்தில் இருந்தவள் மூக்கைத் துடைத்தாள்.

“எத்தனை தடவை கேட்டாலும் எனக்குத் தாங்கல்ல கேட்டியா. ‘ஒண்ணுமில்ல, வைக்கட்டா’ன்னு சொல்லுகாளே பாவி... அத்தனை சங்கடத்தையும் அழுதிட்டு ஒண்ணுமில்லங்கா பாரு.”

“அந்தத் தலைவன் நல்லா இருப்பானா? நாளைக்கு அவனுக்க வீட்டுல கல்யாணமாம். எவ போவா?”

சுனிதா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் கண்ணில் தண்ணீரைப் பார்த்த அந்த அம்மாள், “நீயும் கேட்டியா மக்கா? கேட்டா யாருக்குத்தான் தாங்கும்!” என்று கையைப் பிடித்துத் தட்டிக்கொடுத்தாள். சுனிதாவின் கையை ஒருவர் ஆறுதலாகப் பிடித்து எவ்வளவோ நாளாயிற்று. இழுத்துக்கொள்ளவும் மனசில்லை, அப்படியே வைத்திருக்கவும் கூசியது. அடுத்த நிறுத்தம்வரை அப்படியே இருந்தாள்.

செண்பகக்கால் கீழத்தெருவில் கல்யாண வீடு என்றால் முதல் நாள் சாயங்காலம் காய் வெட்டு. மண்டபமும் சமையல் காண்டிராக்டும் வந்துவிட்ட இந்தக் காலத்திலும் அந்தத் தெரு இதை மட்டும் விடவில்லை. காய் வெட்ட யாரையும் தாம்பூலம் வைத்து அழைப்பதில்லை. அவரவர் கத்தியை எடுத்துக்கொண்டு தாமாக வரவேண்டும். தெருவில் எவ்வளவு மதிப்பு என்பது கல்யாணப் பந்தியில் தெரியாது. காய் வெட்டில் தெரிந்துவிடும்.

சுனிதா போனபோது மணி நாலரை. பந்தலில் தார்ப்பாய் விரித்து, வடசேரிச் சந்தையிலிருந்து வந்த காயெல்லாம் குவித்திருந்தது. தடியங்காய், சேனை, ஏத்தங்காய், புடலங்காய், ஒரு மூட்டை சீனியவரை. ஒரு ஓரத்தில் முந்திரிக்கொத்து நிறைந்த தாம்பாளமும் டீ பிளாஸ்க்கும். நாற்காலிகளை வரிசையாகப் போட்டிருந்தார்கள்.

ஒருவரும் இல்லை.

அண்ணன் மனைவி அழகம்மை மட்டும் தார்ப்பாயில் உட்கார்ந்து தனியாக ஒரு தடியங்காயைச் சீவிக்கொண்டிருந்தாள்.

“வந்தியா? வா மக்கா.” அழகம்மை எழுந்திருக்கவில்லை. “நீயாவது வந்தியே.”

“என்ன மைனி, ஆளுகளைக் காணோம்?”

“பூங்கனிக்குத் தலைவலியாம். பகவதியம்மாளுக்க வீட்டுல திடீர்னு விருந்தாளி வந்தாச்சாம். ரெஜிஷா போனை எடுக்கவே மாட்டங்கா.” அழகம்மை சிரிக்கப் பார்த்தாள். “மொத்தத் தெருவுக்கும் ஒரே நாள்ல தீனம் வந்திருக்கு பாரு.”

எதிர் வீட்டு ஜன்னலில் திரைச்சீலை அசைந்து நின்றது. தலைவலிக்காரிதான். சுனிதா பார்த்ததும் ஜன்னலைச் சாத்திவிட்டாள்.

“சமையலுக்கு வாற தவசிப்பிள்ளை என்ன சொன்னாரு?”

“காய் நறுக்கித் தந்தா விடியக்காலம் வந்து அடுப்பு மூட்டுகேன்னாரு. அவரும் வராம இருந்தா என்ன செய்ய?”

உள்ளேயிருந்து ஆதிரா வந்தாள். கை நிறைய மருதாணி. கல்யாணப் பெண்ணின் கண் இப்படி வீங்கியிருக்கக் கூடாது. “அத்தே” என்று பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். சுனிதா புடவையை அவள் மடியில் வைத்துவிட்டு, சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு சேனையை எடுத்துப் போட்டுக்கொண்டாள். எல்லோரும் அரிப்புக்குப் பயந்து ஒதுக்குகிற காய் அதுதான்.

இரண்டு பெண்கள், ஊர்ப் பந்திக்கான காய். கத்தி பலகையில் படும் சத்தம் பந்தலுக்குள் பெரிதாகக் கேட்டது. இதே முற்றத்தில், இதே தெருவில், சுனிதாவின் கல்யாணத்துக்கு உட்கார இடம் கிடைக்காமல் பெண்கள் படிவரை நிரம்பி, கேலியும் சிரிப்புமாகக் காய் வெட்டியிருக்கிறார்கள். அதே பெண்கள்தான் இப்போது சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கிறார்கள்.

சொல்லிவிடு, சொல்லிவிடு என்று அவள் மனசு அடித்துக்கொண்டது. மைனி முகத்தைப் பார்த்தால் நாக்கு எழவில்லை.

வெளிச்சம் மங்கும் நேரத்தில் ஆறுமுகப்பெருமாள் பைக்கில் வந்து இறங்கினார். சட்டையெல்லாம் புழுதி. மகளுக்கு நாளைக் கல்யாணம் வைத்திருப்பவர் மாதிரி இல்லை. எங்கேயோ அடக்கத்துக்குப் போய்விட்டு வந்தவர் மாதிரி இருந்தார். காலியான நாற்காலிகளை ஒரு தரம் பார்த்தார். ஒன்றும் கேட்காமல் தங்கை பக்கத்தில் உட்கார்ந்து ஒரு கத்தியை எடுத்துக்கொண்டார்.

“கண்டுபிடிச்சாச்சு பிள்ளே” என்றார்.

“யாரை?”

“அந்தப் பொம்பளையை.” அவர் முகத்தில் பல நாளைக்குப் பிறகு ஒரு வெளிச்சம். “நானும் கருங்கல்லுல இருந்து ஒரு ஊரு விடாம கேட்டுப் பாத்தேன், யாருக்கும் தெரியல்ல. இன்னைக்கு மத்தியானம் ஒரு பையன் போன் பண்ணுனான். அவங்க சொந்தக்காரனாம். நாளைக்கு மண்டபத்துக்கே கூட்டிட்டு வாறேன்னான். நாலு பேரு முன்னால நான் அவ கால்ல விழுந்து மன்னிப்பு கேட்டிருவேன். அதுக்குப் பொறவு ஊரு என்னமும் செய்யட்டு.”

அழகம்மையின் கத்தி நின்றது. “பிள்ளைக்க கல்யாணப் பந்தல்லயா?”

“வேற எங்க வச்சு அழகம்மே? அவ தாலியை நான்லா அறுத்திருக்கேன்!”

“அண்ணே, நீ ஒண்ணும் செய்யல்ல” என்றாள் சுனிதா.

“உனக்குத் தெரியாது. போன கோடையில முறை வச்சுத் தண்ணி விட்டோம்லா? மேற்க போற மடையை நான்தான் என் கையால அடைச்சேன். முறைப்படிதான் அடைச்சேன். ஆனா, ரெண்டு நாள் முன்னால திறந்திருந்தா அவ வாழை பிழைச்சிருக்குமோ என்னமோ! அந்த அழுகை பொய் இல்ல பிள்ளே. எத்தனை ராத்திரி கேட்டிருப்பேன். அது வயித்துல இருந்து வந்த அழுகை.”

இதுதான் சுனிதாவைக் கொன்றது. ஊர் நம்பியதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். தப்பே செய்யாத மனுஷன் தானே தன்னைக் குற்றவாளி என்று நம்பி, தப்பைத் தேடிக் கண்டுபிடித்து வைத்திருக்கிறார்! நாளைக்கு ஒரு நாடகக்காரியின் காலில் விழப்போகிறார். அதை ஊரே போனில் பார்க்கப்போகிறது.

“அது நான்” என்றாள்.

யாருக்கும் புரியவில்லை.

“அந்த ஆடியோ நான் பேசுனது. பெனிஷ் ஸ்டூடியோவுல வச்சு. குறும்படம்னு சொன்னாங்க. உனக்க படத்தை ஒட்டுவாங்கன்னு எனக்குத் தெரியாதுண்ணே. நாளைக்கு வாறது நடிக்கக் கூட்டிட்டு வாற பொம்பளை. நீ கால்ல விழாத!”

ஆறுமுகப்பெருமாள் அவளைப் பார்த்தார். கோபம் வரும் என்று அவள் தோளைக் குறுக்கிக்கொண்டாள். வரவில்லை. அவர் முகத்தில் வந்தது இரக்கம்.

“எனக்கு ஆறுதல் சொல்லுகதுக்கா இப்படி ஒரு பொய் சொல்லுக? உனக்க குரலு எனக்குத் தெரியாதா? பிறந்ததுல இருந்து கேக்கேன்.”

“சத்தியமா நான்தான்!”

“அவ மேற்கத்திக்காரி பிள்ளே. அந்தப் பேச்சே வேற.”

“பேசிக் காட்டுகேன், கேளு.” சுனிதா எச்சிலை விழுங்கிக்கொண்டு ஆரம்பித்தாள். “எனக்க பேரு வேண்டாம் மக்களே. மடையில வெள்ளம் வரேல்ல. எங்க வாழ நின்ன நிப்புல ஒணங்கிப் போச்சு. எனக்க மாப்பிள்ள...”

ராகம் வந்தது. சொல் வந்தது. அழுகை வரவில்லை. துண்டை நினைத்தாள், விமான நிலையத்தை நினைத்தாள். கண்ணீர் எங்கேயோ போய் ஒளிந்துகொண்டது. தள்ளுபடி விளம்பரத்தைப் படிப்பது போலத்தான் இருந்தது. தன் வாயாலேயே உண்மையைச் சொல்லி, அதை ஒருத்தர்கூட நம்பாத இடத்தில் உட்கார்ந்திருந்தாள். பொய்க்கு மாவட்டமே அழுதது. உண்மைக்கு ஒரு பந்தலில் மூன்று பேர், அந்த மூன்று பேரும் நம்பவில்லை.

“நல்லாத்தான் பேசுக” என்றார் அண்ணன், பரிவாக. “ஆனா அவ இல்ல. போதும் விடு.” அவர் ஏத்தங்காயைத் தோல் சீவ ஆரம்பித்தார்.

அப்போது சுனிதாவின் போன் முனகியது. அவள் கை முழுக்கச் சேனைப் பால்.

“மாமாக்க வாய்ஸ் மெசேஜ் அத்தே” என்றாள் ஆதிரா. “போடட்டா?”

தினமும் இந்த நேரத்துக்கு வருவதுதான். சாப்பிட்டியா, கதவைச் சாத்தினியா, இங்க சூடு. வேறென்ன இருக்கப்போகிறது? “போடு மக்ளே” என்றாள் சுனிதா. மருதாணி காய்ந்த விரலால் ஆதிரா தொட்டாள்.

சிவபிரசாத்தின் குரல் பந்தலில் கேட்டது. பின்னால் ஏசி இரைந்தது.

“சுனி... ரூம்ல நம்ம ஊருப் பையன் ஒரு ஆடியோ போட்டான். அண்ணன் படம் போட்டு வருகுல்லா, அது. நான் இப்பதான் கேக்கேன். அது நீதானே? பேச்சு வேற யாருக்கதோ மாதிரி இருக்கு. ஆனா அழுகை உனக்கது. ஒவ்வொரு தடவையும் என்னை ஏத்திவிட்டுட்டு வீட்டுக்குப் போயி போன்ல அழுவியே... கடைசில மூச்சை உள்ள இழுத்துட்டு ‘ஒண்ணுமில்ல, வைக்கட்டா’ன்னு கேப்பியே. அதைப் போயி அவன் எல்லாருக்கும் போட்டுக் காட்டுகான் சுனி. இத்தனை வருஷமா நான் உன்னக் காதாலதானே பாத்திட்டு இருக்கேன். எனக்குத் தெரியாதா? எதுக்கு அங்க போயி அழுத? எங்கிட்ட அழக் கூடாதா?”

முடிந்துவிட்டது. திரும்பப் போடு என்று யாரும் சொல்லவில்லை.

இப்போது வந்தது அழுகை. கேட்டபோது வராதது, வேண்டாதபோது வந்தது. சேனைப் பால் கையால் முகத்தைத் துடைக்கவும் முடியாமல் அப்படியே குனிந்து அழுதாள். மூச்சை உள்ளே இழுத்தாள். அந்த ஓசையைக் கேட்டதும் ஆறுமுகப்பெருமாளின் கையிலிருந்த ஏத்தங்காய் நழுவி விழுந்தது.

“அப்போ...” அவர் வாய் கோணியது. “அப்போ யாரும் சாகல்லியா?”

“அப்படி ஒரு ஆளே கிடையாதுண்ணே.”

“வாழை?”

“வாழையும் கிடையாது.”

“யாருமே சாகல்ல” என்று அவர் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். தங்கை செய்த துரோகம் அவருக்கு இன்னும் உறைக்கவில்லை. நாட்கணக்காக நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த ஒரு பிணம் இறங்கிப்போனதுதான் முதலில் தெரிந்தது. முகத்தைத் தோள் துண்டில் புதைத்துக்கொண்டு குலுங்கினார். சிரிக்கிறாரா அழுகிறாரா என்று சொல்ல முடியவில்லை.

அழகம்மை எழுந்தாள். நேராக வந்து சுனிதாவின் கையிலிருந்த கத்தியை வாங்கினாள்.

“எழும்பு.”

“மைனி...”

“ஊரு நம்புனதுல எனக்கு வருத்தம் இல்ல. நானும்லா நம்புனேன்! ராத்திரி பக்கத்துல படுத்துக்கிட்டே, இந்த மனுஷன் இப்படிச் செஞ்சிருப்பாரான்னு நெனைச்சேன். கல்யாணம் கழிஞ்ச நாளுல இருந்து ஒரு வார்த்தை சந்தேகப்படாதவ, உனக்க அழுகையைக் கேட்டுச் சந்தேகப்பட்டேன். ஒரு மாசமா நீ வாயை மூடிட்டு இருந்திருக்க. இந்தக் காயை நீ வெட்ட வேண்டாம்.”

அடித்திருந்தால்கூட இப்படி வலித்திருக்காது. காய் வெட்ட வந்திருந்த ஒரே ஆளையும் அழகம்மை எழுப்பிவிட்டாள். சுனிதா எழுந்து குழாயடியில் கை கழுவினாள். அரிப்புக்கு எண்ணெய் கேட்க வாய் வரவில்லை. பையை எடுத்துக்கொண்டு நடந்தாள்.

“மக்கா.” அண்ணன் வாசல்வரை வந்துவிட்டார். கண் சிவந்திருந்தது. “நீ செஞ்சதை நான் மறக்கணும்னா நாளாகும். அது கிடக்கட்டு. நாளைக்கு அவ வருவாள்லா? போனோட நிப்பானுக. வாசல்ல வச்சே அடிச்சு விரட்டுனா, அதையும் எடுத்து ஊரெல்லாம் போடுவானுக. நான் என்ன செய்ய?”

சுனிதா திரும்பினாள். காலையிலிருந்து அவளுக்குத் தோன்றாதது அப்போதுதான் தோன்றியது.

“வரட்டும்ணே. ஆளைத்தானே அவங்க கூட்டிட்டு வருவாங்க. குரலு எங்கிட்டல்லா இருக்கு. மண்டபத்துல மைக் பிடிக்கது எப்பவும் நான்தானே? அவ முந்தானையை வாயில வச்சதும், அதே அழுகையை மைக்குல நான் அழுகேன். அழுதிட்டு, எதுக்கு அழுதேன்னும் சொல்லுகேன். மைக் செட்டுக் குழாய் தெருவைப் பாத்துத்தானே கட்டியிருப்பாங்க. வராதவங்களுக்கும் கேக்கும்.”

“அதுக்குப் பொறவு உன்னை ஊரு சும்மா விடுமா?”

“இப்ப மட்டும் எனக்கு ஊரு இருக்காண்ணே?”

பந்தலுக்குள்ளிருந்து அழகம்மையின் குரல் வந்தது. திரும்பிப் பார்க்காமலே பேசினாள். “மைக்கை வேணும்னா பிடிக்கட்டு. கத்தியை நான் தரமாட்டேன்.”

மைனியிடமிருந்து இவ்வளவு கிடைத்ததே பெரிது என்று சுனிதா தெருவில் இறங்கினாள். இரண்டு பக்கமும் வீடுகளில் டி.வி. சத்தம். ஒவ்வொரு ஜன்னலையும் கடக்கும்போது உள்ளே பேச்சு நின்று, அவள் தாண்டியதும் தொடங்கியது. பஸ் நிறுத்தத்தில் ஒரு நாய்கூட இல்லை. விரலெல்லாம் அரித்தது. சிவபிரசாத்துக்கு என்ன பதில் சொல்வது என்று போனை எடுத்தாள். அதற்குள் அதுவே அடித்தது.

பெனிஷ்.

“அக்கா, நீங்க அந்தத் தலைவருக்க தங்கச்சியா? இப்பதான் எனக்குத் தெரிஞ்சுது. காலம்பற ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேக்கா!” அவன் குரலில் காலையில் இருந்த சிரிப்பு இல்லை. “வேலை தந்தவங்களுக்கும் தெரிஞ்சு போச்சு. பயந்துட்டாங்க. நாளைக்கு நீங்க மைக்கைத் தொட்டா சுவிட்சை அணைச்சிரணுமாம். மைக் செட்டுக்கு நான்தான் போறேன். என்னைத்தான் அணைக்கச் சொல்லுகாங்க. நான் என்னக்கா செய்ய?”

பழக்க தோஷம், சுனிதா மூச்சை உள்ளே இழுத்தாள். ஒண்ணுமில்ல, வைக்கட்டா என்ற வார்த்தை வழக்கம்போல நாக்கு நுனிவரை வந்து நின்றது.

அதை விழுங்கினாள்.

“போனை வைக்காத பெனிஷ்” என்றாள். “நான் இன்னும் பேசத் தொடங்கல்ல.”